ஒரு புத்தகம் அரசை எப்படித் தடுக்கும்?

கேள்வி இதுதான்: போலீஸ் அரசிடம், ராணுவம் அரசிடம், கஜானா அரசிடம், சிறைச்சாலைச் சாவியும் அரசிடம். அப்படியிருக்க, அரசியலமைப்பு என்று ஒரு புத்தகத்தை எழுதி வைத்துவிட்டால் மட்டும் அரசு எப்படி எல்லைக்குள் நிற்கும்? மீறினால் புத்தகம் எழுந்து வந்து தடுக்குமா? கூடவே ஒரு துணைக்கேள்வி: மக்களில் பெரும்பான்மையே அரசின் பக்கம் நின்றுவிட்டால்?

நியாயமான கேள்விகள். பாடப்புத்தகத்தில் இதற்கு அதிகாரப் பிரிவினை, அடிப்படை உரிமைகள், சுதந்திரமான நீதித்துறை என்று மூன்று வரியில் பதில் இருக்கும். அது பதிலே இல்லை. நீதிமன்றத்திடம் துப்பாக்கி கிடையாதே, அது சொல்வதை மட்டும் அரசு ஏன் கேட்க வேண்டும் என்று அதே கேள்வி திரும்ப வந்து நிற்கும்.

நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். அரசு என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்கிறோமே தவிர, அது ஓர் ஆள் இல்லை. ஓர் அமைச்சர் ஒருவரைப் பிடித்து உள்ளே போட நினைக்கிறார் என்று வையுங்கள். அவர் நினைத்தால் மட்டும் நடந்துவிடாது. யாரோ ஒருவர் ஆணையைத் தட்டச்சு செய்ய வேண்டும், ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், ஓர் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏற்ற வேண்டும், நீதிபதி ஒருவர் காவலில் வைக்கச் சொல்ல வேண்டும், சிறைக் கண்காணிப்பாளர் பதிவேட்டில் பெயர் எழுதிக் கதவைத் திறக்க வேண்டும், இத்தனை பேருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் போட யாராவது பில் பாஸ் செய்ய வேண்டும். அரசியலமைப்பு வேலை செய்வது அமைச்சரின் மனசாட்சி மீது அல்ல, இந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு ஆள் மீதும். அவர்களில் ஒருவருக்காவது "முடியாது" என்று சொல்லச் சட்டப்படி ஒரு காரணம் இருக்க வேண்டும், சொன்ன பிறகு வேலையும் தலையும் தப்ப வேண்டும். இந்த இரண்டையும் ஏற்பாடு செய்வதுதான் அதன் முக்கால்வாசி வேலை. உரிமைகள், நீதிமன்றம், பட்ஜெட் எல்லாம் இதே ஏற்பாட்டின் வெவ்வேறு இடங்கள்தான்.

ஒரு பழைய வழக்கைச் சொன்னால் இது விளங்கும். 1762 நவம்பரில் லண்டனில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசரின் ஏவலர்கள் நான்கு பேர் புகுந்தார்கள். அரசைத் தாக்கி எழுதும் பத்திரிகையில் அவருக்குப் பங்கு உண்டு என்பது புகார். கையில் வாரண்ட் இருந்தது, கொடுத்தவர் ஹாலிஃபாக்ஸ் பிரபு என்ற அமைச்சர். நான்கு மணி நேரம் அறை அறையாகப் புரட்டினார்கள், பூட்டிய பெட்டிகளையும் மேசைகளையும் உடைத்தார்கள், சொந்தக் காகிதங்களையெல்லாம் படித்துப் பார்த்து, வேண்டியதை அள்ளிக்கொண்டு போனார்கள். என்டிக் என்ன செய்தார் தெரியுமா, தன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அந்த நான்கு பேர் மீதே வழக்குப் போட்டார், அதுவும் அத்துமீறி நுழைந்துவிட்டார்கள் என்று, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தால் போடுவோமே அந்த மாதிரி.

அவர்கள் சொன்ன பதில் இன்றைக்கும் எல்லா நாட்டிலும் கேட்கக்கூடியதுதான். மேலிடத்து உத்தரவு, காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது, நாட்டின் பாதுகாப்புக்கு இது தேவை. 1765இல் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு மூன்றையும் தள்ளிவிட்டார். இந்த அதிகாரத்தை எந்தச் சட்டம் கொடுத்தது, இருந்தால் அது சட்டப் புத்தகங்களில் இருக்கும், அங்கே இல்லையென்றால் அது சட்டமே இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். என்டிக்குக்கு 300 பவுண்டு நஷ்டஈடு.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, குடிமகனுக்கும் அரசுக்கும் விதி தலைகீழ். உங்களுக்கு, சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். அரசுக்கு, சட்டம் கொடுக்காத எதையும் செய்யக் கூடாது. ஆகவே அரசு ஒரு காரியம் செய்யும்போது "இதில் என்ன தப்பு?" என்று கேட்பதே தவறான கேள்வி, "இதற்கு எந்தப் பிரிவு?" என்பதுதான் சரியான கேள்வி. இரண்டாவது, பலரும் கவனிக்காதது: தண்டம் விழுந்தது ஏவப்பட்டவர்கள் மீது. மேலிடம் சொன்னது என்பது கேடயம் ஆகாது என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை அப்படி ஒரு வாரண்ட் கையில் கொடுக்கப்படும்போது அதை வாங்குபவன் ஒரு நிமிஷம் யோசிப்பான். அந்த ஒரு நிமிஷத்தை உண்டாக்குவதுதான் விஷயமே. இத்தனைக்கும் இங்கிலாந்தில் அரசியலமைப்பு என்று ஒரே புத்தகம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அடுத்த உதாரணம் பக்கத்துக் காலத்தது. 2024 டிசம்பர் 3, தென் கொரியா. இரவு பத்தரை மணி வாக்கில் அதிபர் யூன் சுக் இயோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அதைத் தொடர்ந்து வந்த ஆணை, நாடாளுமன்றம் உட்பட எல்லா அரசியல் நடவடிக்கைகளையும் தடைசெய்தது. ஹெலிகாப்டரில் சிறப்புப் படை வீரர்கள் நாடாளுமன்ற வளாகத்தில் இறங்கினார்கள். வாசலில் போலீஸ். அந்த நாட்டு அரசியலமைப்பின் 77வது பிரிவில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது: மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கேட்டால் அதிபர் ராணுவச் சட்டத்தை நீக்கியாக வேண்டும். 300 பேர் கொண்ட அவை, ஆக 151 பேர் உள்ளே வந்து சேர வேண்டும், படைவீரர்கள் அவைக்குள் நுழைவதற்கு முன்னால். அவ்வளவுதான் கணக்கு.

அந்த நள்ளிரவில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்தார்கள், அவைத்தலைவரும் அப்படித்தான் உள்ளே வந்தார், அவருக்கு வயது அறுபதுக்கு மேல். ஊழியர்கள் நாற்காலி மேசைகளை அடுக்கிக் கதவை மறித்தார்கள், தீயணைப்பான்களைப் பீய்ச்சினார்கள், வீரர்கள் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்தார்கள். வெளியே பொதுமக்கள் திரண்டுவிட்டார்கள். ஒரு மணி வாக்கில் வாக்கெடுப்பு நடந்தது. வந்திருந்த 190 பேரும் நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள், அதில் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சி. நாலரை மணிக்கு அதிபர் பின்வாங்கிவிட்டார். டிசம்பர் 14 அன்று பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியது, 2025 ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

புத்தகமா தடுத்தது, மதில் ஏறிய ஆட்களா என்று கேட்டால், இரண்டும்தான், தனித்தனியாக எதுவும் இல்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், மதில் ஏறி உள்ளே வந்த 190 பேர் வெறும் கூட்டம். என்ன செய்வது, எத்தனை பேர் வேண்டும், எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. வாக்கியம் இருந்ததால் எல்லோருக்கும் ஒரே இலக்கு கிடைத்தது. அதைவிட முக்கியமாக, வாக்கெடுப்பு முடிந்த நிமிஷத்தில் அங்கிருந்த ஒவ்வொரு படைவீரனின் நிலையும் மாறிவிட்டது. அதுவரை உத்தரவை நிறைவேற்றுகிறவன், அதன் பிறகு சட்டவிரோதமாக அவைக்குள் நிற்கிறவன். பொதுவாக யாரும் தோற்கிற பக்கத்தில் கடைசி ஆளாக நிற்க விரும்புவதில்லை. எங்கே கோடு, அதைத் தாண்டியது யார் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி பார்க்கும்படி செய்துவிட்டால், தாண்டியவர் தனியாகிவிடுவார்.

சரி, பணத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் இதுதான் மிகப் பழைய, மிக நம்பகமான கடிவாளம். உரிமைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பட்ஜெட் என்றால் கொட்டாவி விடுகிறார்கள், ஆனால் சரித்திரத்தில் அரசர்களை மண்டியிட வைத்தது பெரும்பாலும் காலிப் பெட்டிதான்.

இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் 1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுப் பதினோரு வருஷம் அது இல்லாமலேயே ஆண்டார். பழைய வரிகளைத் தோண்டியெடுத்து, கடற்கரை ஊர்கள் கப்பற்படைக்காகக் கொடுத்துவந்த பணத்தை உள்நாட்டுக்கும் நீட்டி, எப்படியோ ஓட்டினார். ஸ்காட்லாந்தோடு சண்டை வந்தது. சண்டைக்குப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு நாடாளுமன்றம் வேண்டும். 1640இல் கூட்டியே ஆக வேண்டியதாயிற்று. மூன்று வாரத்தில் அதையும் கலைத்தார், அதே வருஷ நவம்பரில் மறுபடி கூட்டினார், இந்த முறை அது கலைய மறுத்துவிட்டது. மீதிக் கதை அவர் தலையோடு முடிந்தது, 1649இல்.

அந்தப் பாடத்தை 1689இல் உரிமைச் சட்டத்தில் எழுதினார்கள்: நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளாமல் வரி இல்லை, சமாதான காலத்தில் அதன் சம்மதமில்லாமல் நிலைப்படை இல்லை. படையை ஒழுங்கில் வைப்பதற்கான சட்டத்தை நிரந்தரமாகக் கொடுக்காமல் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கும்படி செய்தார்கள். நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் விட்டால் படையே சட்டப்படி கலகலத்துப் போகும். அமெரிக்கர்கள் 1787இல் எழுதும்போது, ராணுவத்துக்கான நிதி ஒதுக்கீடு இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். இந்திய அரசியலமைப்பின் 265வது பிரிவு ஒரு வரி: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. அடுத்த பிரிவின்படி, அரசின் வருமானமெல்லாம் போய்ச் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசா எடுப்பதற்கும் சட்டம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அரசு கை நீட்டி நின்றாக வேண்டும் என்பதன் பொருள், ஆண்டுக்கு ஒரு முறை அதன் கணக்கைக் கேட்க ஒரு சந்தர்ப்பம் கட்டாயமாக வருகிறது என்பதுதான். ஆளுங்கட்சிக்கு அசுர பலம் இருந்தால் இந்தச் சந்தர்ப்பம் சடங்காகிவிடும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. துறைகள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளைக் கடைசி நாளில் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றுவதற்கு ஒரு வழக்கமே இருக்கிறது.

இனி நீதிமன்றம். துப்பாக்கியும் இல்லை, கஜானாவும் இல்லை, ஆனாலும் ஏன் கேட்கிறார்கள்?

1952 ஏப்ரல். கொரியப் போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் உருக்காலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கப்போகிறது, ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ளும் என்று ஆணையிட்டார். எந்தச் சட்டத்தின் கீழ்? குறிப்பாக எதுவும் இல்லை, அதிபர் என்ற முறையிலும் படைகளின் தலைவர் என்ற முறையிலும் எனக்கு இயல்பாகவே உள்ள அதிகாரம் என்றார். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில், கிடையாது, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. இங்கே கவனிக்க வேண்டியது, ஒன்பது நீதிபதிகளும் ட்ரூமனோ அவருக்கு முன்பிருந்த ரூஸ்வெல்ட்டோ நியமித்தவர்கள். ட்ரூமன் தானே நியமித்த நான்கு பேரில் இரண்டு பேர் அவருக்கு எதிராக எழுதினார்கள். அன்றைக்கே ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் 53 நாள் நடந்தது.

நியமித்தவருக்கு எதிராக எப்படி எழுத முடிந்தது? நியமித்தவரால் திரும்ப எடுக்க முடியாது, அதனால்தான். ஆயுட்காலப் பதவி, குறைக்க முடியாத சம்பளம். இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அவர்கள் சம்பளம் ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கே போகாமல் நேராகத் தொகுப்பு நிதியிலிருந்து போகிறது. இப்படிப்பட்ட வறட்டு விவரங்களில்தான் சுதந்திரம் உட்கார்ந்திருக்கிறது. ஓர் அரசியலமைப்பு எவ்வளவு உறுதியானது என்று பார்க்க வேண்டுமானால் நான் முகவுரையைப் படிக்க மாட்டேன். நீதிபதியை யார் நியமிக்கிறார், யார் மாற்றலாம், ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வேலை கொடுப்பது யார், தேர்தல் ஆணையரை நீக்குவது எப்படி, தணிக்கை அதிகாரி யாருக்குப் பதில் சொல்கிறார், இவற்றைத்தான் தேடிப் படிப்பேன்.

ஆனால் இவ்வளவு ஏற்பாடும் இருந்து தோற்ற கதைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும்.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. 25ஆம் தேதி இரவு குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். மந்திரிசபைக்குச் சொன்னது மறுநாள் காலை, கையெழுத்தான பிறகு. எதிர்க்கட்சித் தலைவர்கள் அதற்குள் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அடைக்கப்பட்டவர்கள், தங்களைக் காவலில் வைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்க்கக் கோரும் ஆள்கொணர்வு மனு போட்டார்கள், ஒன்பது உயர் நீதிமன்றங்கள் மனுவை விசாரிக்கலாம் என்றன. அரசு உச்ச நீதிமன்றம் போயிற்று.

அங்கே நடந்த ஒரு பரிமாற்றம் அடிக்கடி நினைவுக்கு வரும். நீதிபதி எச்.ஆர். கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞரிடம் கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால், அதற்கும் நிவாரணம் கிடையாதா? எங்கள் நிலைப்பாட்டின்படி, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. இதைக் காதால் கேட்டுவிட்டும், 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்தில் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்ப்பெழுதினார்கள். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த ஜனவரியில் மூப்பின்படி தலைமை நீதிபதியாக வேண்டியவர் அவர், அவரைத் தாண்டி அவருக்கு இளையவரை நியமித்தார்கள், கன்னா ராஜினாமா செய்துவிட்டுப் போனார். நீக்குவதற்கு எதிராக அவ்வளவு பெரிய வேலி போட்டவர்கள், பதவி உயர்வு என்ற இடுக்கை அடைக்க மறந்துவிட்டார்கள் பாருங்கள். மறுப்பவருக்கு விலை வைக்க ஒரு சின்ன வழி திறந்திருந்தால் போதும், மற்றவர்கள் அந்த விலையைப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் என்ன நடந்தது என்பதும் முக்கியம். 1977இல் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. 1978இல் 44வது திருத்தம் எங்கெங்கே உடைந்ததோ அங்கங்கே தைத்தது. கையெழுத்துக்குப் பிறகு மந்திரிசபைக்குச் சொன்னார்கள் அல்லவா, இனி மந்திரிசபையின் எழுத்துபூர்வமான முடிவு இல்லாமல் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்ய முடியாது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற ரப்பர் மாதிரி இழுபடும் சொல்லை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21வது பிரிவை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த 1976 தீர்ப்பையே தவறு என்று தள்ளியது. நாற்பத்தொரு வருஷம் கழித்து. சிறையில் இருந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, அதுவும் உண்மை.

நெருக்கடி நிலைப் பிரிவுகள்தான் எந்த அரசியலமைப்பிலும் பலவீனமான இடம், ஏனென்றால் அது விதிகளே விதியை நிறுத்திவைக்கக் கொடுக்கும் அனுமதி. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி எழுதிக்கொண்ட வைமர் அரசியலமைப்பில் 48வது பிரிவு அப்படி ஒன்று. 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், அந்தப் பிரிவைக் காட்டித் தனிமனித உரிமைகளை நிறுத்திவைத்தார்கள். மார்ச் 23 அன்று, கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருக்க, சட்டம் இயற்றும் அதிகாரத்தையே ஹிட்லரின் மந்திரிசபைக்குக் கொடுக்கும் சட்டம் 444க்கு 94 என்று நிறைவேறியது. எதிர்த்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. வைமர் அரசியலமைப்பை யாரும் கிழித்துப் போடவில்லை, முறைப்படி ரத்துகூடச் செய்யவில்லை, அது பாட்டுக்கு அலமாரியில் இருந்தது.

அதனால்தான் 1949இல் மேற்கு ஜெர்மனி எழுதிய அடிப்படைச் சட்டத்தில், மனித கண்ணியமும் ஜனநாயக, கூட்டாட்சி அமைப்பும் எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாதவை என்று 79வது பிரிவில் வைத்தார்கள். இந்த யோசனை இந்தியாவுக்கு வந்த வழி சுவாரசியமானது. டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் 1965இல் வாரணாசியில் ஓர் உரை நிகழ்த்தினார், திருத்தும் அதிகாரத்துக்கே உள்ளார்ந்த எல்லை உண்டா என்று. அந்த வாதம் வழக்கறிஞர்கள் கைக்குப் போய், கடைசியில் 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் அமர்வில் 7க்கு 6 என்று தீர்ப்பாயிற்று: நாடாளுமன்றம் அரசியலமைப்பின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம். மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் மக்கள் பிரதிநிதிகளுக்கு எல்லை வரைவதா என்ற ஆட்சேபம் அன்றிலிருந்து இருக்கிறது, அதில் பாதி நியாயமும் உண்டு, அடிப்படைக் கட்டமைப்பு எது எது என்று பட்டியல் எங்கும் எழுதப்படவில்லை, வழக்கு வழக்காக நீதிபதிகள்தான் சேர்க்கிறார்கள். ஆனால் மாற்று என்ன என்று பார்த்தால், 1975 ஆகஸ்டில் வந்த 39வது திருத்தத்தைப் பாருங்கள், பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்றது அது. நடந்துகொண்டிருந்த தன் சொந்த வழக்கிலிருந்து தப்பிக்க அரசியலமைப்பையே திருத்தினார்கள். அதன் முக்கியப் பகுதியை உச்ச நீதிமன்றம் அதே வருஷம் நவம்பரில் அடித்தது, 1973 தீர்ப்பு கையில் இருந்ததால்.

இன்றைக்கு மீறல் பெரும்பாலும் டாங்கியோடு வருவதில்லை. சட்டத்தின் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களை, சட்டமன்றத்தில் வைக்காமலே, காலாவதியாகக் காலாவதியாகத் திரும்பத் திரும்பப் பிறப்பித்தார்கள், சில அவசரங்கள் பதினான்கு வருஷம் நீடித்தன. வாத்வா என்ற பொருளாதாரப் பேராசிரியர் உட்கார்ந்து இதைக் கணக்கெடுத்து வழக்குப் போட்ட பிறகுதான் உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. பொலிவியாவில் 2016இல் அதிபரின் பதவிக்கால வரம்பைத் தளர்த்தலாமா என்று மக்களிடமே கேட்டார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள், அடுத்த ஆண்டு அந்நாட்டு நீதிமன்றம், வரம்பு வைப்பது போட்டியிடும் மனித உரிமையைப் பறிக்கிறது என்று கூறி வழிவிட்டது. மறுக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையாட்டினால் எந்தப் பிரிவும் உதவாது. சோவியத் ஒன்றியத்தின் 1936 அரசியலமைப்பில் பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, காரணமின்றிக் கைது செய்யப்படாத உரிமை எல்லாம் அழகாக எழுதியிருந்தது. மறு வருஷமே லட்சக்கணக்கில் கைதுகள். ஸ்டாலினுக்கு முடியாது என்று சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகும்படியான ஒரு நாற்காலிகூட அந்த அமைப்பில் கிடையாது.

கடைசியாக, தொடக்கத்தில் வந்த அந்தத் துணைக்கேள்வி, பெரும்பான்மையே அரசின் பக்கம் என்றால். இங்கேதான் என் பதில் சுரத்துக் குறையும்.

சுதந்திர இலங்கை தொடங்கியது சோல்பரி அரசியலமைப்போடு. அதன் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தினருக்கோ மதத்தினருக்கோ மற்றவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. தெளிவான வாக்கியம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, இலங்கையில் தகப்பனோ பாட்டனாரும் பூட்டனாரும் பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்ற வகையில் எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைதான். ஆனால் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர்கள் எந்தப் பதிவேட்டைக் காட்டுவார்கள்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள், அடுத்து வாக்குரிமையும் போனது. வழக்கு, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை போயிற்று. 1953இல் அங்கே, யார் தன் குடிமக்கள் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம், சட்டம் எந்தச் சமூகத்தையும் தனியே குறிவைக்கவில்லை என்று முடித்துவிட்டார்கள்.

பிறகு 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழிச் சட்டம். கோடீஸ்வரன் என்ற அரசு எழுத்தர், சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்று தன் சம்பள உயர்வை நிறுத்தியதை எதிர்த்து 29(2)ஐக் காட்டி வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிபதி, அந்த மொழிச் சட்டம் செல்லாது என்றே எழுதினார். ஒரு மாவட்ட நீதிபதி! அரசு மேல்முறையீடு செய்தது. மேல் நீதிமன்றம் மொழிச் சட்டத்தைத் தொடாமல், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்கே போட முடியாது என்று தள்ளியது. 1969இல் பிரிவி கவுன்சில், போடலாம் என்று சொல்லி, 29(2) பற்றிய கேள்வியை முடிவு செய்யும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்வியை எந்த உயர்ந்த நீதிமன்றமும் கடைசிவரை தீர்க்கவில்லை. 1972இல் இலங்கை புதிய அரசியலமைப்பை எழுதிக்கொண்டது, அதில் 29(2) இல்லை.